தலைசுத்தலுக்கு வி.ஆர். கண்ணாடியும் அதிர்வு பெல்ட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் பிசியோதெரபி பார்க்கிறேன். பேலன்ஸ் பயிற்சிக்கு வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்கிற கேள்விகள் இவை. ஓமலூர், ஆத்தூர், எடப்பாடி, ஏற்காடு என்று ஊர்தான் மாறுகிறது, கேள்வி மாறுவதில்லை. அவரவர் கேட்ட விதத்திலேயே போட்டிருக்கிறேன். பதில்கள் பொதுவானவை. உங்களுக்கு எது சரி என்பதை உங்களை நேரில் சோதித்துப் பார்த்தவர்தான் சொல்ல முடியும்.

1. "கீழ விழுந்துருவோம்னு பயந்துதான் வந்தேன். அதுக்கு எதுக்குங்க கண்ணுல டப்பா மாட்டுறீங்க?"

நாம் விழாமல் நிற்பதற்கு மூன்று இடங்களிலிருந்து மூளைக்குச் சேதி போகிறது. முதலாவது உட்காது. அதிலுள்ள மூன்று அரைவட்டக் குழாய்கள் தலை திரும்புவதைச் சொல்கின்றன. பக்கத்திலுள்ள இரண்டு சிறு பைகள் சாய்வையும் நேர்கோட்டு அசைவையும் சொல்கின்றன. இரண்டாவது கண். மூன்றாவது பாதத்தின் தோல், தசை, மூட்டு. மூன்றும் ஒரே சேதியைச் சொல்லும்வரை நாம் நிற்கிறோம் என்ற நினைப்புகூட நமக்கு வராது. ஒன்று கெட்டால் மூளை மற்ற இரண்டை வைத்துச் சமாளிக்கப் பழக வேண்டும். பேலன்ஸ் பயிற்சி என்பது அந்தப் பழக்கம்தான்.

டப்பா, அதாவது வி.ஆர். (விர்ச்சுவல் ரியாலிட்டி, நிஜம்போலத் தெரியும் கணினிக் காட்சி) ஹெட்செட், கண்ணுக்குப் போகும் சேதியை மட்டும் மாற்றிக் கொடுக்கிறது. கண் ஒரு ஆளை எந்த அளவுக்கு ஏமாற்றும் என்பதை 1974-ல் டேவிட் லீ, எரிக் ஆரன்சன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். அப்போதுதான் நிற்கப் பழகிய குழந்தைகளை ஓர் அறையில் நிறுத்தி, தரையை அசைக்காமல் சுவர்களை மட்டும் நகர்த்தினார்கள். குழந்தைகள் தள்ளாடினார்கள், சிலர் விழுந்தே விட்டார்கள். இன்றைக்கு அந்தச் சுவரை நகர்த்துகிற வேலையை ஹெட்செட் செய்கிறது. எந்தப் பக்கம், என்ன வேகம், எத்தனை நிமிடம் என்று நாங்கள் அளந்து வைக்க முடிகிறது என்பதுதான் இதில் உள்ள லாபம்.

2. "அப்ப இது பசங்க விளையாடுற வீடியோ கேம் தானுங்களே?"

கருவி அதேதான், உள்ளே ஓடுவது வேறு. கேம் ஜெயிப்பதற்காகச் செய்தது. எவ்வளவு வேகமாகத் தலையைத் திருப்பினாலும் அதற்குக் கவலையில்லை. பயிற்சிக்கான காட்சியில் ஆரம்பத்தில் ஒரு வெற்று அறைதான் இருக்கும். பிறகு கோடு போட்ட சுவர், பிறகு மெதுவாக நகரும் சுவர், அப்புறம்தான் கடைவீதிக் கூட்டம். எழுபது வயது அம்மாக்கள் இதை நன்றாகவே செய்கிறார்கள். சிரமப்படுவது பெரும்பாலும் அருகில் நின்று "எனக்கும் ஒரு தடவை" என்று கேட்கும் மகன்கள்தான்.

3. "பெல்ட்டு ஒண்ணு கட்டுவீங்கன்னு சொன்னாங்க. ஷாக் அடிக்குமுங்களா?"

அடிக்காது. செல்போன் வைப்ரேஷனில் எப்படி மோட்டார் இருக்கிறதோ, அதே மாதிரி சின்ன மோட்டார்கள் பெல்ட்டின் முன், பின், இரு பக்கங்களில் தைக்கப்பட்டிருக்கும். இடுப்புக்குப் பின்னால் சாய்வை அளக்கும் சென்சார் இருக்கும். நீங்கள் ஒரு அளவுக்கு மேல் வலது பக்கம் சாய்ந்தால் வலது பக்கம் துடிக்கும், முன்னால் சாய்ந்தால் தொப்புள் பக்கம். துடிக்கிற இடத்திலிருந்து விலகி நேராக வாருங்கள் என்பது மட்டும்தான் விதி.

நாக்கில் வைக்கும் கருவி ஒன்றும் உண்டு. அது மோட்டார் இல்லை. மிக லேசான மின்துடிப்பால் சாய்வைச் சொல்வது. பால் பாக்-இ-ரிட்டா என்ற அமெரிக்க மருத்துவரின் ஆராய்ச்சியிலிருந்து வந்தது. ஒரு புலனின் வேலையைத் தோல் வழியாக மூளைக்குச் சொல்ல முடியும் என்று 1969-லேயே காட்டியவர் அவர்.

4. "எனக்குப் படுக்கையில திரும்பும்போது மட்டும் வீடு சுத்துது. எனக்கும் கண்ணாடி போடுவீங்களா?"

பெரும்பாலும் தேவைப்படாது. படுக்கும்போதும் புரளும்போதும் சில வினாடிகள் மட்டும் சுற்றி நின்றுவிட்டால், உட்காதின் சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறி அரைவட்டக் குழாய்க்குள் போயிருக்கலாம். தலையை ஒரு வரிசையில் திருப்பி அந்தத் துகளைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும் முறைக்கு எப்லி என்று பெயர். சரியாகச் செய்தால் பலருக்கு ஓரிரு தடவையிலேயே சரியாகிவிடும். இதற்குப் போய் யாராவது பத்து அமர்வு வி.ஆர். என்று சொன்னால், எதற்கு என்று கேளுங்கள்.

வேறொரு வகையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். திடீரெனத் தலைசுற்றலோடு வாய் கோணல், பேச்சுக் குழறல், இரட்டையாகத் தெரிவது, ஒரு பக்கம் மரத்துப்போவது, இதுவரை வராத கடும் தலைவலி, பிடித்தாலும் நிற்க முடியாமை இவற்றில் எது இருந்தாலும் பிசியோவிடம் வரவே கூடாது. 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் கெடு.

5. "தலைசுத்துதுன்னு வந்தவங்களை இன்னும் சுத்த வெக்கறீங்களே, இது நியாயமுங்களா?"

ஏற்காடு பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது என்ன ஆகிறது? முன் சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கும் கண் "நாம் அசையவில்லை" என்கிறது. உட்காது "வளைந்து வளைந்து போகிறோம்" என்கிறது. சண்டை முற்றினால் எலுமிச்சம்பழத்தை முகர வேண்டியதுதான். ஹெட்செட்டில் இதுவே தலைகீழ்: கண்ணுக்கு ஓட்டம், காதுக்கு ஒன்றுமில்லை. ஆனால் அதே பஸ்ஸில் தினம் ஏறி இறங்கும் கண்டக்டர் அமைதியாக டிக்கெட் கிழிக்கிறார். சண்டையைத் திரும்பத் திரும்பக் கொஞ்சமாகக் கொடுத்தால் மூளை அதை லட்சியம் செய்வதை விட்டுவிடும்.

"கொஞ்சமாக" என்பதுதான் விஷயம். பயிற்சிக்கு முன்பே கிறுகிறுப்புக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்போம். நடுவில் அது இரண்டு மூன்று மார்க் கூடலாம். கழற்றிய பிறகு கால் மணி, அரை மணிக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். சாயங்காலம்வரை படுத்தே கிடந்தீர்கள் என்றால் கொடுத்த அளவு அதிகம். அடுத்த முறை வரும்போது அதைச் சொல்லுங்கள். சொல்லாமல் வராமலே இருந்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

6. "எத்தனை நாள் வரணும்?"

ஹெட்செட் நேரம் குறைவு. ஆரம்பத்தில் சில நிமிடம், போகப் போகக் கூடும். உட்காதுக் கோளாறு நாட்பட்டதாக இருந்தால், பார்வையை ஒரு புள்ளியில் நிறுத்தித் தலையைத் திருப்பும் பயிற்சியை வீட்டில் தினம் மொத்தம் 20 நிமிடமாவது, நாலு முதல் ஆறு வாரம் செய்ய வேண்டும் என்பது அமெரிக்க பிசியோதெரபி சங்கத்தின் 2022 வழிகாட்டல். இங்கே வந்து மாட்டுவதைவிட வீட்டில் செய்வதுதான் கணக்கில் பெரிய பங்கு.

7. "தலைசுத்தல் மாத்திரை ஒரு வருஷமா ஓடுது. போட்டுக்கிட்டே வரலாமுங்களா?"

எந்த மாத்திரை என்று பார்க்க வேண்டும். சின்னரிசின், ப்ரோகுளோர்பெரசின் போன்றவை உட்காதிலிருந்து வரும் சேதியையே அமுக்கிவிடும். கடுமையான முதல் சில நாட்களுக்கு அது தேவைதான். மாதக்கணக்கில் ஓடினால் மூளை பழகுவது தாமதமாகும். வயதானவர்களுக்குக் கை நடுக்கமும் உடல் இறுக்கமும்கூட வரலாம். வெர்டின் என்ற பெயரில் பலர் வாங்கும் பீட்டாஹிஸ்டின் இந்த வகையில் சேராது. எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். சீட்டைக் கொண்டு வாருங்கள், எழுதிக் கொடுத்த டாக்டரிடம் பேசி முடிவு செய்யலாம்.

8. "எனக்குக் காதுல ஒண்ணுமில்லைங்க. சுகர்ல கால் மரத்துப் போச்சு. எனக்குக் கண்ணாடியா, பெல்ட்டா?"

பெல்ட். அதற்கும் முன்னால் ஒரு விரல்.

உறுதியான தரை, நல்ல வெளிச்சம் என்று இருக்கும்போது ஆரோக்கியமான ஒருவர் நிற்பதற்குச் சுமார் 70 சதவீதம் பாதம், தசை, மூட்டு இவற்றின் உணர்வையே நம்புகிறார். உட்காதை 20, கண்ணை 10 சதவீதம் என்பது நரம்பியல் ஆய்வாளர்கள் தரும் கணக்கு. சுகர் தின்பது அந்த 70-ஐ. அம்மாப்பேட்டையிலிருந்து வந்த ஒரு நெசவாளர், தறியில் கால் மிதிகட்டை மேல் இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்வதாகச் சொன்னார். இவர்களுக்குக் கண்தான் ஊன்றுகோல். முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடும்போதும், ராத்திரி கரண்ட் போகும்போதும்தான் விழுவார்கள். அவர்கள் கண்ணையும் மூடிவிட்டு ஹெட்செட்டில் ஆரம்பிப்பது சரியான வரிசை இல்லை.

விரல் என்றேனே, அது 1994-ல் ஜான் ஜெகா, ஜேம்ஸ் லாக்னர் ஆகியோர் காட்டியது. நிற்கும்போது விரல் நுனியால் பக்கத்தில் ஒரு பரப்பை லேசாகத் தொட்டாலே உடல் ஆட்டம் கணிசமாகக் குறைகிறது. தொடும் அழுத்தம் 100 கிராமுக்குள். அது உடலைத் தாங்கும் எடையே இல்லை. தாங்குவதால் அல்ல, உடல் எந்தப் பக்கம் நகர்கிறது என்ற சேதி விரல் வழியாகப் போவதால்தான் ஆட்டம் குறைகிறது. இடுப்பு பெல்ட்டும் இதே வழியில்தான் வேலை செய்கிறது. மரத்துப்போன பாதத்துக்குப் பதில், உணர்வுள்ள இடுப்புத் தோல். செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைக்காரர் ஒருவரிடம் இந்த 100 கிராமைப் புரியவைக்க நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. பட்டறையில் இருந்த எலக்ட்ரானிக் தராசில் விரலை வைத்து அவரே பழகிக்கொண்டார். தராசு 100-ஐத் தாண்டினால் அது தொடுவதில்லை, பிடிப்பது.

அதிரும் செருப்பு அட்டை பற்றியும் கேட்கிறார்கள். நமக்கே தெரியாத அளவு மெல்லிய அதிர்வைப் பாதத்துக்குக் கொடுத்தால் முதியவர்களின் ஆட்டம் குறைகிறது என்று ஜேம்ஸ் காலின்ஸின் பாஸ்டன் குழு 2003-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதியது. ஆனால் பாதத்தில் கொஞ்சமாவது நரம்பு மிச்சம் இருந்தால்தான் அது கேட்கும். 10 கிராம் நைலான் இழையால் தொட்டும், 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையை வைத்தும் அதை முதலில் பார்த்துவிடலாம். அந்தச் சோதனைக்குச் செலவே இல்லை, கேட்டு வாங்குங்கள்.

9. "இதெல்லாம் நெசமா வேலை செய்யுதுன்னு ஆதாரம் இருக்குதுங்களா, இல்ல புதுசா வந்ததுன்னு போடுறீங்களா?"

இருக்கிறது, ஆனால் விளம்பரத்தில் சொல்கிற அளவுக்கு இல்லை. நல்ல பக்கத்தை முதலில் சொல்கிறேன். 2016-ல் லான்செட்டில் வந்த ஆய்வில், ஐந்து நாடுகளில் அடிக்கடி விழும் 60 முதல் 90 வயதுக்காரர்கள் 302 பேரைச் சேர்த்தார்கள். ஒரு பாதிக்கு வெறும் ட்ரெட்மில். மறு பாதிக்கு அதே ட்ரெட்மில், எதிரே திரை; திரையில் அவர்களுடைய கால்களே தெரியும், வழியில் தடைகள் வரும், தாண்ட வேண்டும். வாரம் மூன்று முறை, 45 நிமிடம், ஆறு வாரம். பயிற்சிக்குப் பிந்தைய ஆறு மாதத்தில் விழும் விகிதம் திரைக் குழுவில் 11.9-லிருந்து 6-க்கு இறங்கியது. வெறும் ட்ரெட்மில்லில் 10.7-லிருந்து 8.27-தான். அதில் பார்க்கின்சன் நோயாளிகளும் இருந்தார்கள். கவனியுங்கள், அது தலையில் மாட்டும் டப்பாவே இல்லை, சுவரில் திரை.

மறு பக்கம் பக்கவாதம். 72 ஆய்வுகளையும் 2,470 பேரையும் சேர்த்துப் பார்த்த 2017 காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் அமைப்பு) தொகுப்பு, கை இயக்கத்தில் வி.ஆர். வழக்கமான பயிற்சியைவிட மேல் இல்லை என்றது. வழக்கமான பயிற்சியோடு கூடுதலாகச் சேர்த்தபோது கைக்குப் பலன் தெரிந்தது. பேலன்ஸ் பற்றி உறுதியாகச் சொல்ல அப்போது போதிய ஆதாரம் இல்லை. என் கருத்து: பயிற்சியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வி.ஆர். வைக்கிற இடத்துக்குப் போகாதீர்கள். பயிற்சியோடு சேர்த்துக் கொடுக்கிற இடத்துக்குப் போங்கள்.

10. "யாருக்கு இது ஆகாது?"

வலிப்பு உள்ளவர்கள், அடிக்கடி கடும் மைக்ரேன் வருகிறவர்கள், கழுத்தெலும்பு நிலையில்லாதவர்கள், கண் ஆபரேஷன் செய்து சில வாரமே ஆனவர்கள், தலைசுற்றல் ஆரம்பித்த முதல் நாட்களில் வாந்தியோடு இருப்பவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஹெட்செட்டே சுமார் அரைக் கிலோ, கழுத்துவலிக்காரர்களுக்கு அதுவே அதிகம். நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்தால், ஹெட்செட்டிலும் பெல்ட் மோட்டாரிலும் காந்தம் இருக்கும் என்பதால் இதய டாக்டரிடம் கேட்காமல் கிட்டவே கொண்டுபோக மாட்டோம்.

11. "பையன் பெங்களூர்ல இருந்து ஹெட்செட் வாங்கி அனுப்புறேங்கறான். வீட்லயே செஞ்சுக்கலாமுங்களா?"

தனியாக நின்றுகொண்டு, கூடாது. மாட்டியதும் தரை, கதவுநிலை, கட்டில் எதுவும் தெரியாது. விழுகிற ஆளுக்கு அது எவ்வளவு ஆபத்து என்று பையனுக்குப் புரிவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு, உங்கள் பிசியோ சொன்ன காட்சியை மட்டும் பார்க்கலாம். மலை ரயில் ஓட்டம் போடுவது எல்லாம் வேண்டாம்.

வாங்காமலும் செய்யலாம். நகரும் கோடுகள் கொண்ட வீடியோவை டிவியில் போட்டு, சுவர் மூலையில் முதுகு காட்டி, முன்னால் ஒரு நாற்காலியை வைத்து நின்று பார்ப்பது பழைய வழி. 1940-களில் இங்கிலாந்தில் காதார்ன், குக்சி இருவரும் தலையில் அடிபட்ட ராணுவ வீரர்களுக்காகத் தொகுத்த பயிற்சிகளில் எந்தக் கருவியும் கிடையாது. அவை இன்றும் ஓடுகின்றன.

12. "நாங்க ஏற்காட்டுக்கு மேல, எஸ்டேட்ல. வாரத்துக்கு மூணு தடவை எறங்கி வர முடியாதுங்க. என்ன செய்யறது?"

வர வேண்டாம். 5-ல் சொன்ன அந்தப் பஸ்ஸில் இறங்கி வந்தாலே உங்கள் கிறுகிறுப்பு மார்க் ஏறிவிடும், அதற்குமேல் நான் என்ன பயிற்சி கொடுப்பது? முதல் சோதனைக்கு ஒரு முறை வாருங்கள். முந்தின நாளே வந்து தங்க முடிந்தால் நல்லது. பிறகு வீட்டுப் பயிற்சிதான். 8-ல் சொன்ன ஒற்றை விரலை வீட்டுச் சுவரில் வைத்து, பாதங்களைச் சேர்த்து நிற்பதில் தொடங்கலாம். அடுத்து ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொன்று. அப்புறம் விரலை எடுப்பது.

வீட்டுக்கே வந்து பிசியோ செய்வது, 2021 ஆகஸ்டில் தொடங்கிய அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். ஹெட்செட் வராது, ஆள் வருவார். காப்பித் தோட்டத்துச் சரிவில் நடக்க வேண்டியவருக்கு அந்தச் சரிவிலேயே ஒருவர் கூட நடந்து பயிற்சி கொடுப்பது என் அறையில் காட்டும் சரிவைவிட மேல்.

13. "பெல்ட்டைக் கட்டினா நல்லா நிக்கறேன். கழட்டினா மறுபடி ஆடுமுங்களா?"

கட்டியிருக்கும்போது நன்றாக நிற்பது குணமானதற்கு அடையாளம் இல்லை. சேதி எல்லா நேரமும் வந்துகொண்டே இருந்தால் மூளை சோம்பிவிடும். அதனால் ஒரு கட்டத்துக்குப் பிறகு அதிகமாகச் சாய்ந்தால் மட்டும் துடிக்கும்படி வைப்போம். அப்புறம் சில தடவை மட்டும் போடுவோம். கடைசியில் கட்டியிருப்பீர்கள், ஆனால் அணைத்து வைத்திருப்போம். இந்தக் குறைத்தலைச் செய்யாமல் முதல் நாள் போலவே கடைசி நாளும் பெல்ட் துடிக்கிறது என்றால், அந்தப் பயிற்சி முடியவில்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற ஊசிகளால் இரண்டு பக்க உட்காதும் கெட்டவர்களுக்குக் காதின் சேதி திரும்பி வருவது கடினம். நடந்தால் கடை போர்டு எல்லாம் குலுங்கும், இருட்டில் ஒரு அடி வைக்க முடியாது. அவர்களுக்குத் தொடு உணர்வு பயிற்சிக்கான துணை மட்டுமல்ல, நிரந்தரத் துணையாகவே இருக்கலாம். பெல்ட் கிடைக்காவிட்டால் கைத்தடி. தடியையும் ஊன்றாமல் லேசாகத் தொட்டு நடந்தாலே 8-ல் சொன்ன சேதி கிடைக்கும். தடி பிடிக்க வெட்கப்படுகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன்.

14. "கண்ணாடி மாட்டினா அப்பா கூட்டத்துல நல்லா நடக்கறாரு. அஞ்சு ரோட்டுல கூட்டிட்டுப் போனா என் கையைப் புடிச்சுக்கறாரே?"

ஹெட்செட் கூட்டத்தில் யாரும் மேலே இடிப்பதில்லை, ஹாரன் பின்னாலிருந்து வருவதில்லை, தரையும் சமமாக இருக்கிறது. பார்வைப் பரப்பும் குறுகியது; ஓரக்கண்ணில் வரும் பைக் அதில் வராது. இன்னொன்று, ஹெட்செட்டில் எல்லாக் காட்சியும் ஒரே தூரத்தில் உள்ள திரையில்தான் இருக்கிறது. அருகே தூரே என்று கண் குவிவதும் நிஜத்தில் பார்ப்பதும் ஒன்றல்ல. ஆகவே அங்கே கற்றது இங்கே தானாக வந்துவிடாது. இடையில் ஒரு படி வேண்டும்.

அந்தப் படிக்கு நான் பெல்ட்டோடு வெளியே கூட்டிப் போகிறேன். முதலில் காலை ஏழு மணிக்கு ஆள் இல்லாத தெரு, பிறகு உழவர் சந்தை ஓரம், அப்புறம்தான் அஞ்சு ரோடு. நீங்கள் கூட நடக்கும்போது கையைப் பிடிக்கக் கொடுக்காதீர்கள். உங்கள் முழங்கையில் அவர் விரலை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

15. "தேறிட்டு வர்றோமான்னு எப்படிங்க தெரிஞ்சுக்கறது? எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே."

ஹெட்செட் காட்டும் ஸ்கோரை நம்பாதீர்கள், அது அந்த விளையாட்டில் தேறியதைத்தான் காட்டும். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை வினாடி என்று பார்ப்பது எளிய சோதனை. 12 வினாடி அல்லது அதற்குமேல் என்றால் விழும் அபாயம் உண்டென்று எடுத்துக்கொள்ளலாம். பெர்க் என்ற 14 வேலைகள் கொண்ட சோதனைக்கு 56 மார்க். முதல் நாள் எடுத்த எண்ணை எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதே நாற்காலி, அதே செருப்பு, பகலில் அதே நேரம். அப்படி எடுத்தால்தான் ஒப்பிட முடியும்.

16. "பயிற்சிக்குச் செருப்புப் போட்டுக்கிட்டா, வெறுங்காலோடவா?"

பாதத்தில் உணர்வு இருப்பவர்கள் வெறுங்காலோடு, தரையின் சேதி நேராகக் கிடைக்கட்டும். சுகரில் கால் மரத்தவர்கள் வீட்டுக்குள்கூட வெறுங்காலோடு நடக்கக் கூடாது. குதிகாலை வார்போட்டுப் பிடிக்கும் செருப்பு. ரப்பர் ஹவாய் வேண்டாம். சாக்ஸ் மட்டும் போட்டுக்கொண்டு மொசைக் தரையில் நிற்பதும் வேண்டாம், வழுக்கும். கொலுசைக் கழற்றத் தேவையில்லை, கணுக்காலில் சென்சார் கட்டும் நாளில் மட்டும் கழற்றித் தரச் சொல்வோம்.